கடன் தலைக்கு மேல போயிடுச்சு, வீட்டு லோன் மேல டாப்அப் வாங்கி மொத்தமா அடைச்சுடலாமா?

மொட்டைமாடி_நிலா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நிஜத் தொகைய எழுத கூச்சமா இருக்கு, அதனால எங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 100ன்னு வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் அந்த அளவுலயே சொல்றேன்.

வீட்டு லோன் பாக்கி 2600, தவணை 28, வட்டி 9 சதவீதம், முடிய இன்னும் 13 வருஷம். கார் லோன் பாக்கி 190, தவணை 9, இன்னும் 2 வருஷம். பர்சனல் லோன் 330, தவணை 12, வட்டி 18 சதவீதம், இன்னும் 3 வருஷம். கிரெடிட் கார்டு ரெண்டு இருக்கு, ஒண்ணுல 160, இன்னொண்ணுல 45, ரெண்டுக்கும் மாசம் 3 சதவீதம் வட்டி. மினிமம் டியூ, அதாவது பில்லுல குறைஞ்சது இவ்ளோவாவது கட்டணும்னு போட்டிருக்கற தொகை, அதை மட்டும் கட்டிட்டு வர்றோம், ரெண்டும் சேர்ந்து 10 கிட்ட வருது. இது போக நாத்தனார்கிட்ட கைமாத்தா வாங்கினது 100. அதுக்கு வட்டி எல்லாம் இல்ல, ஆனா அவங்க போன் வந்தாலே எடுக்க யோசனையா இருக்கு.

வீட்டுச் செலவு, பசங்க பீஸ், மாமியார் மருந்து, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாசம் 48.

வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கணவர் வீட்டு லோன் மேல டாப்அப் (அதே வீட்டை அடமானமா வச்சு கூடுதலா தர்ற கடன்) வாங்கி கார்டையும் பர்சனல் லோனையும் ஒரே அடியா முடிச்சுடலாம், வட்டி 10 சதவீதம் தான்ங்கறார். ரிட்டயர்மெண்ட் பணத்துல கொஞ்சம் எடுக்கலாம்னும் ஒரு பேச்சு. என் தம்பி காரை வித்துடுங்கங்கறான். இதுக்கு நடுவுல ஒரு கம்பெனில இருந்து போன் பண்ணி, நீங்க கார்டு பில் கட்டறத நிறுத்துங்க, எங்ககிட்ட பணம் கட்டுங்க, நாங்க பேசி பாதில செட்டில் பண்ணித் தர்றோம்ங்கறாங்க. கேக்க நல்லாத் தான் இருக்கு ஆனா பயமா இருக்கு. எதை எடுக்கறது எதை விடறதுன்னே தெரியல.

---

கணக்குப்பிள்ளை77 எழுதியது:

சிஸ்டர், நீங்க குடுத்த நம்பரை எல்லாம் கூட்டிப் பாத்தேன். தவணை மட்டும் 59. செலவு 48. ஆக 107. வர்றது 100. மிச்சம் 7 எங்கேர்ந்து வருதுன்னு நீங்க எழுதல, ஆனா கார்டுலேர்ந்து தான் வந்தாகணும், வேற வழி இல்ல.

இப்ப கார்டை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. 205 பாக்கிக்கு மாச வட்டி 6 சொச்சம். நீங்க கட்டறது 10. திரும்ப அதுலயே தேய்க்கறது 7. அதாவது மாசா மாசம் 10 கட்டியும் பாக்கி 3 ஏறிட்டே இருக்கு. மாசம் 3 சதவீதம்னா கேக்க சின்னதா இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்ந்தா வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல. எதுவுமே கட்டாம விட்டா 2 வருஷத்துல கடன் ரெட்டிப்பு. சரி, இனிமே கார்டை தொடவே மாட்டோம், மினிமம் மட்டும் கட்டறோம்னு வச்சாலும் பாக்கி பாதியாகவே கிட்டத்தட்ட 3 வருஷம் ஆகும், ஏன்னா பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைஞ்சுக்கிட்டே போகும், அவங்க அதை அப்படித் தான் வச்சிருக்காங்க.

டாப்அப் கணக்கு இது. கார்டு 205, பர்சனல் லோன் 330, ஆக 535ஐ 10 சதவீதத்துல 13 வருஷத்துக்குப் போட்டா தவணை 6 தான். இப்ப 22 கட்டற இடத்துல 6! அதான் உங்க கணவருக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு. ஆனா முழு 13 வருஷமும் இழுத்தா வட்டி மட்டும் 423 ஆகும். அதே டாப்அப்பை மாசம் 15 வீதம் கட்டினா மூணரை வருஷத்துல முடிஞ்சுடும், வட்டி 103 தான். ரெண்டும் ஒரே கடன் ஒரே வட்டி விகிதம், எவ்ளோ வித்தியாசம் பாருங்க. வட்டி விகிதம் குறையுதாங்கறத மட்டும் பாத்து கையெழுத்து போடறவங்க கடைசில அதிகமா கட்டறது இதனால தான். முன்கூட்டி கட்டினா அபராதம் உண்டான்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க.

அப்புறம் டாப்அப் வந்ததும் கார்டு பாக்கி ஜீரோ ஆகும், லிமிட் அப்படியே 200 சொச்சம் காலியா நிக்கும். அந்த 7 ஓட்டைய அடைக்காம இருந்தா ஒண்ணு ரெண்டு வருஷத்துல டாப்அப்பும் இருக்கும் கார்டு பாக்கியும் இருக்கும். எதைப் பண்றதுன்னாலும் முதல்ல அந்த 7 என்னன்னு பாருங்க.

---

ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

காரை வில்லுங்க. அவ்ளோ தான்.

வித்தா எவ்ளோ கிடைக்கும்னு நீங்க சொல்லல. ஒரு 290 போகும்னு வைங்க, 190 லோனுக்கு போக கைல 100. அதைக் கார்டுல போட்டா பாக்கி 105. கார் தவணை 9 போச்சு, கார்டு மினிமம் 5 ஆகும், செலவோட சேர்த்து மொத்தம் 93. இப்ப மாசம் 7 மிச்சம், அதையும் கார்டுலயே போட்டா 11 மாசத்துல ரெண்டு கார்டும் காலி. அப்புறம் கார்டுக்குப் போன 5ம் 7ம் சேர்ந்த அந்த 12ஐ பர்சனல் லோன் தவணையோட சேர்த்து 24 கட்டினா அதுவும் அடுத்த ஒரு வருஷத்துல முடியும். ரெண்டு வருஷத்துல வீட்டு லோனும் நாத்தனாரும் தான் மிச்சம். இதுல இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் மிச்சத்தை நான் சேர்க்கவே இல்ல, பஸ் ஆட்டோவுக்கு அதுல இருந்து எடுத்துக்கலாம்.

ரெண்டு கார்டுக்கும் ஒரே வட்டிங்கறதால சின்னதை முதல்ல முடிங்க. அதிக வட்டியா, சின்ன பாக்கியான்னு மண்டைய உடைச்சுக்கற வேலை உங்களுக்கு இல்ல.

---

பழைய_வசூல்காரன் எழுதியது:

நான் கடன் வசூல் பிரிவுல சில வருஷம் வேலை பாத்தவன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

அந்த கம்பெனி போனை இனிமே எடுக்காதீங்கம்மா. கட்டறத நிறுத்துன்னு சொல்றாங்க இல்ல, நிறுத்தின நாள்லேர்ந்து லேட் பீஸ், அபராத வட்டி எல்லாம் ஏறும், வசூல் ஆளுங்க போன் ஆரம்பிக்கும், இவங்க பீஸை முதல்லயே புடிச்சுக்குவாங்க. அவங்க பேசற பேச்சை நீங்களே பேங்க்ல பேசலாம், அதுக்கு நடுவுல ஆள் தேவையே இல்ல. அப்படியே பாதில செட்டில் ஆனாலும் கிரெடிட் ரிப்போர்ட்ல 'முடிஞ்சது'ன்னு வராது, 'செட்டில்டு'ன்னு வரும், பின்னாடி லோன் கேக்கறப்ப அதைப் பாத்துட்டு யோசிப்பாங்க. செட்டில்மெண்ட்ங்கறது கட்டவே முடியாத நிலைமைக்கு. உங்க நிலைமை அது இல்ல, நீங்க இன்னும் ஒரு தவணை கூட தவறல.

தவறலங்கறது தான் உங்க கைல இருக்கற பலம். தவணை தவறறதுக்கு முன்னாடி போன் பண்ற கஸ்டமர்கிட்ட நாங்க பேசற விதமே வேற. கார்டு பாக்கிய தவணையா மாத்தித் தாங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் மாசம் 3 சதவீதத்தை விட நல்லா கம்மியா வரும். ஆனா அவங்க சொல்ற வட்டி பிளாட்டா ரெடியூசிங்கான்னு கேக்காம ஒத்துக்காதீங்க. 3 வருஷத்துக்கு 12 சதவீதம் பிளாட்னு சொல்வாங்க, குறையற பாக்கிக்கு கணக்கு போட்டா அது 21 சதவீதம் வரும். அசல் பாதிக்கு மேல கட்டி முடிச்ச அப்புறமும் முழு அசலுக்கும் வட்டி வாங்கற கணக்கு அது. என்ன பேசினாலும் மெயில்ல வாங்கிக்கோங்க, போன்ல சொன்னவர் அடுத்த மாசம் அந்த சீட்லயே இருக்க மாட்டார்.

ரிட்டயர்மெண்ட் பணத்தை இப்ப தொட வேண்டாம். கடன்காரன் பொதுவா கை வைக்க முடியாத பணம்னு ஒண்ணு இருந்தா அது தான், நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், விசாரிச்சுக்கோங்க. அதை நீங்களாவே எடுத்து கார்டுல கொட்டறது எனக்கு சரியா படல.

இன்னொண்ணு, மாசக் கடைசில கை கடிக்கறப்ப போன் ஆப்ல 10 நிமிஷத்துல கடன்னு வரும். 100ன்னு சொல்லி பீஸ் புடிச்சுட்டு 85 குடுப்பாங்க, ஒரு மாசத்துல 100ஆ திருப்பணும். அது ஒரு மாசத்துக்கே 17 சதவீதத்துக்கு மேல. உங்க கார்டு அதுக்கு எவ்வளவோ மேல்.

---

ஜன்னல்_சீட் எழுதியது:

எல்லாரும் காரை வில்லு காரை வில்லுன்னு ஈசியா சொல்லிடறீங்க. வீட்ல வயசானவங்க இருக்காங்க, மருந்துன்னு எழுதியிருக்காங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவதுன்னா ஆட்டோ தேடிட்டு நிக்கறதா? நானும் கணக்கு போட்டேன். கார் வித்து அடைக்கற வழில கார்டு, பர்சனல் லோன் ரெண்டுக்கும் சேர்த்து இனிமே கட்டற வட்டி 90 சொச்சம். டாப்அப் வாங்கி மாசம் 15 கட்டினா 103. கார் லோன் வட்டி தனி, அது சின்னது தான். இதுக்காக காரை விக்கணுமா? அக்கா, டாப்அப் வாங்குங்க, ரெண்டு கார்டையும் அன்னைக்கே கேன்சல் பண்ணுங்க, சம்பளம் வந்த மறுநாள் 15 தானா போற மாதிரி போட்டு விடுங்க.

---

கணக்குப்பிள்ளை77 எழுதியது:

@ஜன்னல்_சீட் கணக்கு சரி ப்ரோ, நானும் பாத்தேன். ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. இப்ப கார்டும் பர்சனல் லோனும் அடமானம் இல்லாத கடன். நாளைக்கு ஒருத்தர் வேலை போனா அதுல தவணை தவறினா போன் வரும், நோட்டீஸ் வரும், கோர்ட் வரைக்கும் கூட போகும், ஆனா வீட்டு மேல நேரா கை வைக்க முடியாது, 28 மட்டும் கட்டிட்டா வீடு தப்பிக்கும். டாப்அப் வாங்கிட்டா அந்த 535ம் வீட்டோட கட்டிப் போட்ட மாதிரி, 34 கட்டினா தான் வீடு நிக்கும். ரெண்டு பேர் சம்பளமும் உறுதின்னா அது பெரிய விஷயம் இல்ல தான். ஒரு சம்பளம் ஆட்டத்துல இருந்தா நான் டாப்அப் பக்கமே போக மாட்டேன்.

15 கட்டறதும் பிரச்சனை தான். 28, 9, 15, 48 கூட்டினா சரியா 100. பைசா மிச்சம் இல்ல. வாஷிங் மெஷின் ரிப்பேர்னா கூட திரும்ப கடன். எந்த வழின்னாலும் ஒரு 20 அளவுக்கு தனியா கைல வச்சுட்டு மிச்சத்தை கடன்ல போடுங்க. கார் வித்தா வர்ற 100லயும் 80 போதும், ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போகும், போகட்டும்.

---

மொட்டைமாடி_நிலா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி இவரும் நானும் உக்காந்து எல்லா ரிப்ளையும் படிச்சோம். அந்த 7 கேட்டீங்க இல்ல. கார்டு ஸ்டேட்மெண்ட்டை வரி வரியா டிக் அடிச்சுப் பாத்தோம். 3 ஆன்லைன் சாப்பாடு ஆர்டர். 1க்கு மேல, யாரும் பாக்காத ரெண்டு சேனல் சந்தா, பெரியவன் போன்ல விளையாடற கேம் இதெல்லாம். அப்புறம் கார்டுக்கே ஒரு இன்சூரன்ஸ்னு மாசா மாசம் அரை போயிட்டு இருக்கு, நாங்க கேக்கவே இல்ல, எப்ப ஓகே சொன்னோம்னும் ஞாபகம் இல்ல, இன்னைக்கு காலைல போன் பண்ணி நிறுத்தச் சொல்லிட்டேன், போன வருஷ பணத்தை திருப்பித் தருவீங்களான்னு கேட்டேன், பாத்து சொல்றோம்ங்கறாங்க. மிச்சம் ரெண்டு சொச்சம் மளிகை, அது நிஜச் செலவு தான்.

இவர் வேலைல ஆள் குறைக்கற பேச்சு ஓடிட்டு இருக்கு. அதை முதல்லயே எழுதியிருக்கணும். அதனால டாப்அப் வேண்டாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். கார் விஷயத்துல தான் இவர் ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்கன்னு ஒரே வார்த்தை. மாமியார் தான் உள்ள இருந்து கேட்டுட்டு, எனக்காக காரை வச்சுக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு போற அன்னைக்கு வாடகை வண்டி போதும்னு சொன்னாங்க. விலை விசாரிச்சதுல 280, 300ன்னு சொல்றாங்க.

நாத்தனார்கிட்ட நானே போன் பண்ணி, ரெண்டு வருஷம் டைம் குடுங்க, நடுவுல முடிஞ்சப்ப கொஞ்சம் கொஞ்சமா தர்றேன்னு சொல்லிட்டேன். மாசம் 1ஆவது குடுக்க ஆரம்பிக்கலாமா, இல்ல கார்டு முடியட்டும்னு நிறுத்தி வைக்கலாமா? வட்டிக் கணக்குப்படி நிறுத்தறது தான் சரின்னு தெரியுது, ஆனா மனசு கேக்கல.

---

பழைய_வசூல்காரன் எழுதியது:

குடுங்கம்மா. மாசம் 1 அவங்களுக்குப் போறதால கார்டு முடியறது ஒரு மாசம் தான் தள்ளிப் போகும். பேங்க்ல அந்த ஒரு மாசத்துக்கு வட்டி வாங்கிட்டு விட்டுடுவாங்க, சொந்தத்துல அப்படி விட மாட்டாங்க.

கார் விக்கறப்ப ஒண்ணு கவனிங்க. லோன் குடுத்தவங்ககிட்ட இந்த தேதிக்கு முன்கூட்டி முடிக்க எவ்ளோ கட்டணும்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் விலை பேசுங்க, அந்த 190க்கு மேல முடிப்புக் கட்டணம்னு கொஞ்சம் வரலாம். லோன் முடிஞ்சு அடமானம் நீங்கினதுக்கு கடிதம் வாங்கி, வண்டி பதிவுலயும் அதை நீக்கின அப்புறம் தான் பேர் மாத்த முடியும். வாங்கறவர் பணத்தை நேரா உங்க லோன் கணக்குல கட்டிட்டு மிச்சத்தை உங்ககிட்ட தர்றேன்னு சொன்னா சரின்னு சொல்லுங்க, அது ரெண்டு பேருக்குமே நல்லது. பேர் மாறின நகல் கைக்கு வர்ற வரைக்கும் வண்டி இன்சூரன்ஸை மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க.