சாக்ரமென்டோ பக்கம் குடிவருவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு கொலை வழக்கு

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரை ஒட்டிய ஃபோல்சம், ராஞ்சோ கோர்டோவா, கார்மைக்கேல் பக்கம் புதிதாகக் குடிவந்த நம்மவர் சிலர், அக்கம்பக்கத்து முதியவர்கள் "எஸ்.எல்.ஏ." என்று பேசிக்கொள்வது எதைப் பற்றி என்று கேட்டிருந்தீர்கள். இங்கே வாழப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்.எல்.ஏ. (Symbionese Liberation Army), அதாவது சிம்பயோனீஸ் விடுதலைப் படை என்பது 1973-இல் பெர்க்லி, ஓக்லந்து வட்டாரத்தில் உருவான தீவிர இடதுசாரி ஆயுதக் குழு. சோலடாட் சிறையிலிருந்து தப்பிய டொனால்ட் டிஃப்ரீஸ் அதன் தலைவன். அதன் சின்னமான ஏழு தலை நாகத்தைப் பார்த்தால், நம் கோயில் மரத்தடியில் இருக்கும் நாகர் சிலை நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஏழு தலைகளுக்கும் அவர்கள் சுவாஹிலிப் பெயர் கொண்ட ஏழு கொள்கைகளைப் பொருளாகச் சொன்னார்கள். இதைக் "கறுப்பர் கும்பல்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். டிஃப்ரீஸைத் தவிர, குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் படித்த, நடுத்தர வர்க்கத்து வெள்ளை இளைஞர்கள். அவர்கள் முதலில் கொன்றதோ ஒரு கறுப்பினக் கல்வியாளரை. ஓக்லந்துப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளர் மார்க்கஸ் ஃபாஸ்டர், 1973 நவம்பர் 6 அன்று கூட்டம் முடிந்து காருக்கு நடந்துசென்றபோது, சயனைடு அடைத்த தோட்டாக்களால் சுடப்பட்டு இறந்தார். மாணவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கும் திட்டம்தான் அவர்கள் கூறிய காரணம். அத்திட்டத்தை அவரே தளர்த்தியிருந்தார்.

1974 பிப்ரவரியில் பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண் பேட்ரிஷியா ஹர்ஸ்ட்டைக் கடத்தியதும், இரண்டே மாதத்தில் அவர் துப்பாக்கியுடன் வங்கிக் கொள்ளையில் நின்றதும் உலகறிந்த கதை. அதே ஆண்டு மே 17 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காவல்துறையுடன் நடந்த மோதலில் டிஃப்ரீஸ் உட்பட ஆறு பேர் மாண்டார்கள். எஞ்சியவர்கள்தாம் இந்தச் சாக்ரமென்டோ பக்கம் வந்தார்கள்.

1975 ஏப்ரல் 21, திங்கட்கிழமை காலை. கார்மைக்கேலில் இருந்த கிராக்கர் நேஷனல் வங்கிக்கு, தம் தேவாலயத்தின் காணிக்கைப் பணத்தைச் செலுத்த மெர்னா ஓப்சால் வந்திருந்தார். அவருக்கு வயது 42; நான்கு பிள்ளைகளின் தாய். கொள்ளையடிக்க முகமூடி அணிந்து உள்ளே நுழைந்த எஸ்.எல்.ஏ.வினரில் ஒருவரின் துப்பாக்கி வெடித்து மெர்னா சரிந்தார்; அவர் உயிர் பிழைக்கவில்லை. அவரைக் கொண்டுசென்ற மருத்துவமனையில் அறுவைசிகிச்சை நிபுணராகப் பணிபுரிந்தவர் அவருடைய கணவர். ஒரு மருத்துவர் தம் மனைவியையே அந்த நிலையில் பார்க்க நேர்ந்ததை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கொள்ளையடித்த தொகை சுமார் 15,000 டாலர்.

இவ்வழக்கில் விசாரிக்கப்பட்ட ஒருவர் 1976-இல் விடுவிக்கப்பட்டார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. கொள்ளையில் பங்கேற்றவர்களில் ஒருவரான கேத்லீன் சோலியா, மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் சாரா ஜேன் ஓல்சன் என்ற பெயரில் ஒரு மருத்துவரின் மனைவியாக, மூன்று பெண்களின் தாயாக வாழ்ந்து 1999-இல் பிடிபட்டார். இன்னொருவரான ஜேம்ஸ் கில்கோர் 2002-இல் கேப் டவுனில் கைதானார். கலிபோர்னியாவில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. தாயை இழந்த மகனும் விடாமல் போராடினார். கடைசியில் இவ்விருவர் உட்பட, வழக்குத் தொடரப்பட்ட ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சுட்டவரான எமிலி ஹாரிஸுக்கு எட்டு ஆண்டுச் சிறை. மற்றவர்களுக்கு ஆறோ ஏழோ ஆண்டுகள்.

அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்திலும் இயக்கங்கள், கட்சிகள், வன்முறைக் குழுக்கள் பற்றிய கேள்விகள் உண்டு. கல்லூரியில் இடதுசாரி மாணவர் சங்கத்தில் இருந்தவர்கள் அதை மறைக்காமல், வழக்கறிஞரிடம் கேட்டு உண்மையாகவே எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் பேச்சு வந்தால் ஹர்ஸ்ட்டைப் பற்றிச் சுவாரசியமாக விசாரிக்க வேண்டாம்; இங்குள்ள முதியவர்கள் சிலர் மெர்னா ஓப்சாலுடன் பழகியவர்களாக இருக்கக்கூடும்.