ஹொண்டா சிவிக் காருக்கு டைனோவா, தொலைவழி டியூனிங்கா? ஆலோசனை தேவை

எனது 1996ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் காரின் பீ16ஏ எஞ்சினில் கேம் ஷாஃப்டையும் 310 சீசீ இன்ஜெக்டர்களையும் மாற்றி இரண்டு மாதங்களாகியும் அது சீராக ஓடவில்லை. ஹொண்டாட்டா எஸ்300 என்ற டியூனிங் பலகை பொருத்திய பீ28 ஈசீயூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) 95 ஒக்டேன் பெற்றோலும் பாவிக்கிறேன். ஹட்டனின் குளிர்ந்த காலைகளில் ஐடில் (அக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) 700க்கும் 1,400க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. வீடெக் (வால்வுத் திறப்பை மாற்றும் அமைப்பு) மாறும் 5,500 ஆர்பிஎம் அளவில் இழுவை அறுந்து, காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மானி 11க்குக் கீழே, அதாவது எரிபொருள் மிகையாக இருப்பதாக, காட்டுகிறது.

பிளக்குகளை மாற்றினேன், ஐடில் வால்வைக் கழுவினேன், வெற்றிடக் கசிவையும் எரிபொருள் அழுத்தத்தையும் பரிசோதித்தேன். குறை எதுவும் அகப்படவில்லை. தொலைவிலிருந்து டியூன் செய்யும் ஒருவர் ஐந்து வாரங்களில் மூன்று மேப்களை (ஈசீயூவுக்கான எரிபொருள், பற்றவைப்பு அட்டவணைகள்) அனுப்பியதில் ஐடில் மட்டும் சற்றுத் தேறியது. மூன்றாம் கியரில் 2,500 முதல் 8,000 வரை முழுத் த்ரொட்டில் பதிவொன்றை அவர் கேட்கிறார்; கினிகத்தேனை வளைவுகளில், எந்தத் திருப்பத்தில் கொழுந்து லொறி நிற்குமோ என்ற நிலையில், அது நடக்கிற காரியமல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். ஏறத்தாழ 1,270 மீற்றரில் முழுத் த்ரொட்டிலிலும், எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் 87 கிலோபாஸ்கல் அளவைத் தாண்டாததால், இங்கே எடுக்கும் பதிவுகளைக் கொண்டு அட்டவணையின் 100 கிலோபாஸ்கல் பகுதியைத் திருத்த முடியாது. கொழும்புக்கு இறங்கினால் எஞ்சின் அந்தப் பகுதியில்தான் உழைக்கும், நொக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சினைக் கெடுப்பது) ஆபத்தும் அங்கேதான் அதிகம். டைனோவுக்காக (காரை உருளைகளின் மேல் ஓடவிட்டு அளக்கும் கருவி) கொழும்புப் பக்கம் போகலாம், ஆனால் அந்த வெக்கையில் ஹட்டன் காலைக் குளிரின் ஸ்டார்ட்டைச் சரிபார்க்க வழியில்லை.

முழுச் சுமைப் பகுதியை மட்டும் டைனோவில் முடித்து, ஐடிலையும் குளிர் ஸ்டார்ட்டையும் பின்னர் தொலைவழியில் திருத்திக்கொள்வது சரிவருமா, அல்லது முழு வேலையையும் டைனோ டியூனர் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டுமா?