மறு: ஓடும் நிரல் தன் கோப்பின் பாதையை அறிவது – சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

சனிக்கிழமை சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி வகுப்பு. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடும் நிரல் (கணினி புரோகிராம்) தன் கோப்பு இருக்கும் பாதையை, அதாவது இடத்தை, அறிவதற்கு என்ன சொல் என்ற கேள்விக்கு வந்த எல்லா மடல்களுக்கும் அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

> தன் + பெருமை தற்பெருமை. ஆகவே 'தற்பாதை'.

புணர்ச்சி சரிதான், ஐயா. ஆனால் 'தற்' என்றதும் பிள்ளைகளுக்குத் தற்போது, தற்காலிகம் எல்லாம்தான் நினைவுக்கு வரும். 'தற்போதைய பாதை' என்று எடுத்துக்கொள்வார்கள். அது நேர் எதிர்ப்பொருள்! நிரல் கோப்பு இருக்கும் இடம் வேறு, எந்தக் கோப்புறையில் நின்று அதை ஓட்டினோமோ அந்த இடம் வேறு. ஒரு பையன் மதிப்பெண் பட்டியலை நிரலுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பான். வேறு கோப்புறையிலிருந்து ஓட்டினால் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பிழை வரும். பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. சொல்லே அதில் தள்ளிவிடக் கூடாது.

> பாதை வடசொல். 'ஆறு' இருக்க அது எதற்கு?

ஆறு என்றால் வழி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். ஆனால் 'கோப்பாறு' என்று அச்சிட்டால் இங்கே சிங்கப்பூர் ஆறுதான் கண்முன் வரும். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்த 'இணையம்' தூய தமிழ்தான். கேட்டதும் புரிந்தது, நிலைத்தது. தூய்மை, புரிதல் இரண்டும் சேர்ந்து கிடைக்காதபோது நான் புரிவதன் பக்கம்.

> 'செயலிப்பாதை' போதுமே?

எந்தச் செயலி? பைத்தானில் 'சிஸ்.எக்ஸிகியூட்டபிள்' என்று கேட்டால் பைத்தான் இருக்கும் இடம் வரும், பிள்ளை எழுதிய நிரலின் இடம் வராது. அதற்கு இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே 'ஃபைல்' என்று எழுத வேண்டும், பைத்தான் 3.9 பதிப்பு முதல், நேரடியாக ஓட்டும் நிரலுக்கு அது முழுப்பாதையாகவே வருகிறது. சி மொழியின் 'ஆர்க்வி[0]' இன்னும் மோசம்: நிரலை அழைத்தவர் கொடுத்த பெயர் அது, பாதையாகவே இருக்க வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: 'நிரல் இருப்பிடம்', 'ஓட்டிய இடம்'. முழுப்பாதை, சார்புப்பாதை என்பவை ஏற்கெனவே புழங்குகின்றன, அப்படியே இருக்கட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு முகவரியைக் காட்டி இரண்டையும் விளக்கிவிடலாம்: புளோக், மாடி, வீட்டு எண் என்றால் யார் எங்கிருந்து கேட்டாலும் ஒரே வீடு, 'அடுத்த புளோக்' என்றால் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இதுவரை பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'சரி, போகட்டும்' என்றுவிட்டார்கள். தெம்பனிஸ் நண்பர் மட்டும் இரண்டு சொல் சேர்ந்தால் அது விளக்கம், கலைச்சொல் அல்ல என்கிறார், 'நிரல் இருப்பிடம்' என்பதற்குப் பதிலாக 'நிரலகம்' கேட்கிறார். அழகான சொல்தான். ஆனால் நூலகம் போல, நிரல்களைச் சேர்த்துவைக்கும் இடம் என்றே எனக்குப் படுகிறது. அவர் இன்னும் ஒப்பவில்லை.

'நிரலகம்' வேண்டும் என்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அப்புறம் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன்.