காட்ஃபாதர்ல வர்ற "மறுக்க முடியாத ஆஃபர்" வசனம்: அர்த்தம் என்ன, எங்க இருந்து வந்துச்சு?

இரவுக்காட்சி:
'காட்ஃபாதர்' இப்பதான் முதல் தடவையா முழுசா பாத்தேன். "அவன் மறுக்கவே முடியாத ஒரு ஆஃபர் கொடுக்கப் போறேன்"னு மார்லன் பிராண்டோ சொல்றாரே, அது ஏன் இவ்ளோ ஃபேமஸ்? எனக்கு சாதாரண வியாபாரப் பேச்சு மாதிரிதான் கேட்டுச்சு, ஆனா எல்லாரும் மிரட்டல்ங்கறாங்க. இது மூல நாவலை எழுதின மரியோ பூசோவே யோசிச்சு எழுதினதா, இல்ல முன்னாடியே இருந்ததா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடைசிபெஞ்ச்:
மிரட்டல்தான் ப்ரோ, ஆனா அது அந்த வசனத்துக்குள்ள இல்ல, அதுக்கு முன்னாடி கல்யாண வீட்ல, பிராண்டோ நடிச்ச மாஃபியா தலைவர் வீட்டோ கோர்லியோனியோட மகன் மைக்கேல் தன் காதலிக்கு சொல்ற கதைல இருக்கு. பாடகர் ஜானியை ஒரு பேண்ட் லீடர் கான்ட்ராக்ட்ல கட்டிப் போட்டிருந்தான், அப்பா போய் 10,000 டாலர் தர்றேன் விட்டுடுன்னார், முடியாதுன்னுட்டான், மறுநாள் தன் அடியாள் லூக்கா பிராசிய கூட்டிட்டுப் போனார், ஒரு மணி நேரத்துல வெறும் 1,000 டாலருக்கு விட்டுட்டான்னு சொல்லுவான். எப்படின்னு அவ கேப்பா. மறுக்க முடியாத ஆஃபர் கொடுத்தார்ம்பான். அப்படின்னா என்னன்னு திரும்பக் கேட்டா, லூக்கா அவன் தலைல துப்பாக்கிய வச்சான், அந்த பேப்பர்ல ஒண்ணு உன் கையெழுத்து இருக்கும் இல்லன்னா உன் மூளை இருக்கும்னு அப்பா சொன்னார்னு சர்வ சாதாரணமா சொல்லுவான். அதனால அதே ஜானி சினிமா சான்ஸுக்காக வந்து அழும்போது, தயாரிப்பாளர் வோல்ட்ஸைப் பத்தி அப்பா அதையே சொன்னதும் நமக்கு வயித்த கலக்கிடும். வோல்ட்ஸ் படுக்கைல வெட்டின குதிரைத் தலை வர்றதுக்கு முன்னாடியே! குரலைக் கூட உயர்த்த மாட்டார் மனுஷன், அதான் பயமே. 2005ல அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் போட்ட 100 சிறந்த வசனங்கள்ல இதுக்கு ரெண்டாவது இடம்.

பழையபுத்தகம்:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். படம் 1972, பூசோ நாவல் 1969, வசனம் நாவல்லயே இருக்கு. ஆனா அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1835ல புத்தகமா வந்த பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கோட 'பெர் கோரியோ' நாவல்ல வோத்ரான்னு ஒரு தப்பிச்ச கைதி, பணமில்லாம தவிக்கிற சட்ட மாணவன் ரஸ்தின்யாக்கைத் தனியா உக்கார வச்சு, யாருமே மறுக்க மாட்டாங்க அப்படி ஒரு யோசனை சொல்றேன்னு ஆரம்பிப்பான். யோசனை என்னன்னா, பணக்காரன் ஒதுக்கி வச்ச மகள நீ காதலி, அவ அண்ணனை நான் சண்டைல சாகடிக்க ஏற்பாடு பண்றேன், சொத்து அவளுக்கு வரும், எனக்கு 2 லட்சம் ஃபிராங்க் கமிஷன்! பூசோ தன் நாவலோட முகப்புலயே, ஒவ்வொரு பெரிய சொத்துக்குப் பின்னாடியும் ஒரு குற்றம் இருக்குன்னு பால்சாக் பேரைப் போட்டு கொடுத்திருப்பார், அந்தக் கருத்தும் வோத்ரா இதே பேச்சுல சொல்றதுதான். அதனால பூசோவுக்கு இது அங்க இருந்துதான் வந்திருக்கணும்னு நான் நம்புறேன். ஆனா ஒரு வித்தியாசம், வோத்ரா ஆசை காட்டுறான், கோர்லியோனி உயிரைக் காட்டுறார். அந்தத் திருப்பம் முழுக்க பூசோவோடது.

கடைசிபெஞ்ச்:
அருமை, இது எனக்குப் புதுசு. 1974ல வந்த ரெண்டாம் பாகத்தையும் பாத்துடுங்க இரவுக்காட்சி, இளவயசு வீட்டோவா ராபர்ட் டி நீரோ, ஏரியா ரவுடி ஃபனூச்சி கேக்குற மாமூலைப் பத்திப் பேசும்போது ஆளுக்கு 50 டாலர் கொடுங்க மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு இதே வசனத்தை சொல்லுவார்.