ரத்தக்குழாயை சுத்தி இருக்கற கொழுப்பு பிபியை ஏத்துமா?

பனியன்காரன்44:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல கட்டிங் செக்‌ஷன்ல வேலை, வயசு 44. போன மாசம் கடவாப்பல்லு புடுங்கலாம்னு போனா பிபி பாத்துட்டு 158/96ங்கறாங்க, பல்லைத் தொடவே மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் டாக்டர்ட்ட போயி ரெண்டு வாரம் மாத்தி மாத்திப் பாத்துட்டு டெல்மிசார்டன் 40 ஆரம்பிச்சிருக்குதுங்க. எடை 71 கிலோ, உயரம் 5 அடி 7, குண்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தொப்பை மட்டும் கொஞ்சம் எட்டிப் பாக்குது. டாக்டர் என்னடான்னா "உள்ளுக்குள்ள கொழுப்பு இருக்குது, அதும் ஒரு காரணம்"ங்கறார். கொலஸ்ட்ரால் டெஸ்ட்ல எல்டிஎல் 104தான், அது பரவால்லன்னு அவரேதான் சொன்னார், அப்ப இது எந்தக் கொழுப்பு? க்யூ நின்னுட்டு இருந்துச்சு, மேல கேக்க முடியல. நெட்ல பாத்தா ரத்தக்குழாய்க்கு வெளிப்பக்கமும் கொழுப்பு ஒட்டி இருக்குமாமே, அது குழாயை நெருக்கிப் புடிச்சுக்குமா, தோட்டத்துல ஹோஸை மிதிச்சா தண்ணி பீச்சுமே அந்த மாதிரி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமரேசன்_மாமா:
தம்பி, இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு அந்தக் காலத்துலயே சொல்லிட்டாங்க. வாரம் மூணு நாள் கொள்ளு ரசம். மாத்திரையெல்லாம் ஆரம்பிச்சா விட முடியாது.

எலிவால்:
மாமா, கொள்ளு ரசம் நல்லா இருக்கும், நானும் குடிப்பேன், ஆனா மாத்திரையை நிறுத்தச் சொல்ற மாதிரி எழுதாதீங்க, 158 விளையாட்டு இல்ல.

அண்ணா, நான் எம்.பார்ம் பண்ணப்ப ரெண்டு வருஷம் இந்தக் குழாயோடதான் குப்பை கொட்டினேன் அதனால கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க. மொதல்ல கொலஸ்ட்ரால் விஷயம் வேற. அது ரத்தத்துல ஓடுறது, குழாயோட உள்சுவர்ல படியறது. நீங்க கேக்கறது குழாய்க்கு வெளியில, சட்டை மாதிரி போர்த்திக்கிட்டு இருக்கற கொழுப்பு. மூளைக்குள்ள போற குழாய்ங்க மாதிரி சிலதைத் தவிர உடம்புல நெறைய குழாய்ல இது உண்டு, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் உண்டு. ஆட்டுக்கறி வாங்கும்போது பெரிய குழாய் மேல வெள்ளையா வழவழன்னு ஒட்டிட்டு இருக்கும்ல, அதேதான்.

லேப்ல என்ன பண்ணுவோம்னா எலியோட பெருந்தமனியை எடுத்து பெட்ரி டிஷ்ல போட்டு சின்னக் கத்திரியால இந்தக் கொழுப்பை வழிச்சு வழிச்சு எடுப்போம். எங்க மேடம் "ஒரு துணுக்கு கூட இருக்கக்கூடாது"ன்னு பின்னாடியே நிப்பாங்க. அப்புறம் மூணு நாலு மில்லிமீட்டருக்கு வளையம் வளையமா வெட்டி, ரெண்டு கொக்கில மாட்டி, 37 டிகிரி உப்புத் தண்ணில தொங்கவிட்டு, கீழ ஆக்ஸிஜன் குமிழ் விட்டு, நார்அட்ரினலின் ஊத்தினா வளையம் சுருங்கும், எவ்வளவு இழுக்குதுன்னு மெஷின் கோடு போடும். உலகம் பூரா இப்படித்தான், கொழுப்பு வேண்டாத சாமான்னு தூக்கிப் போட்டுட்டுதான் அளந்தாங்க. 1991ல அமெரிக்காவுல சோல்டிஸ், காசிஸ்னு ரெண்டு பேர் வழிக்காமலே ஒரு வளையத்தை மாட்டிப் பாத்தாங்க. கொழுப்போட இருந்தது கம்மியாத்தான் சுருங்குச்சு! பத்து வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. 2002ல பெர்லின்ல கோலாஷ் குழு, கொழுப்பு ஊறின தண்ணியை எடுத்து சுத்தம் பண்ணின வளையத்துல ஊத்தினாலே அது தளருதுன்னு காமிச்சாங்க. அதாவது கொழுப்பு சும்மா ஒட்டிட்டு இல்ல, குழாயோட தசையைத் தளர்த்தற என்னமோ ஒண்ணை விடுது. அடிப்போநெக்டின், நைட்ரிக் ஆக்ஸைடு, இப்படி அதுல பல பேர் உண்டு.

அதனால உங்க ஹோஸ் உதாரணம் தலைகீழ். நல்ல நிலைமைல இருந்தா அந்தக் கொழுப்பு குழாயை நெருக்காது, லூஸ் பண்ணி விடும்.

பனியன்காரன்44:
அப்ப எனக்கு நல்லதுதான பண்ணணும்? டாக்டர் ஏன் அதைக் குத்தம் சொல்றார்? 😅

எலிவால்:
அங்கதான் இருக்கு. எடை ஏற ஏற அந்தக் கொழுப்பு செல்லுங்க ஊதிப் பெருசாகும், பெருசான செல்லுக்கு ஆக்ஸிஜன் சரியா எட்டாது, அழற்சி ஆரம்பிக்கும், வெள்ளையணு வந்து குடியேறும், டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி அழற்சியைக் கெளப்பி விடற சங்கதியெல்லாம் சுரக்கும், தளர்த்தற வேலை நின்னுடும். 2009ல மான்செஸ்டர்ல ஆளுங்களோட பின்பக்கத்துலேர்ந்து (ஆமா, உக்கார்ற இடம்தான்) துளி சதை எடுத்து அதுல இருந்த சின்ன தமனிகளை இதே மாதிரி மாட்டிப் பாத்தாங்க. ஆரோக்கியமானவங்க கொழுப்பு குழாயைத் தளர்த்துச்சு. உடல் பருமனும் மெட்டபாலிக் சிண்ட்ரோமும் (தொப்பை, பிபி, சுகர், கொழுப்புன்னு பல கோளாறு சேந்து வர்றது) இருந்தவங்களோடது ஒண்ணுமே பண்ணல, கொழுப்பு இருந்தும் இல்லாத மாதிரி. பிபியைப் பெரும்பாலும் தீர்மானிக்கறது இந்த மாதிரி சின்னச் சின்ன தமனிங்கதான், அதுங்க கொஞ்சம் இறுகினாலே ரத்த ஓட்டத்துக்கு இருக்கற மொத்த எதிர்ப்பும் கூடிடும்.

நல்ல சேதி என்னன்னா அதே ஊர் ஆளுங்க 2013ல எழுதினது. எடை குறைக்கற ஆபரேஷன் பண்ணினவங்களை ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுத்துப் பாத்தா அந்தத் தளர்த்தற குணம் திரும்பி வந்திருக்கு. அவங்க அப்பவும் குண்டாத்தான் இருந்தாங்க, ஆனா கொழுப்பு திருந்திடுச்சு.

இன்னொண்ணு, கொழுப்பு ஆஞ்சியோடென்சினோஜென்னும் தயாரிக்கும், குழாயை இறுக்கற ஆஞ்சியோடென்சினுக்கு அதுதான் மூலச் சரக்கு. நீங்க சாப்பிடற டெல்மிசார்டன் அந்த ஆஞ்சியோடென்சின் போய் உக்கார்ற இடத்தைத்தான் அடைக்குது. ஆக மாத்திரையும் இதே தெருவுலதான் வேலை பாக்குது.

தமயந்தி_ஓடி:
நான் இதய ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருக்கேன், படிச்சிட்டு சும்மா போக முடியல. பைபாஸுக்கு கால்லேர்ந்து வெயின்ங்கற ரத்தக்குழாயை எடுப்பாங்கல்ல, வழக்கமா சுத்தி இருக்கற கொழுப்பையெல்லாம் உரிச்சிட்டுதான் எடுப்பாங்க, உரிக்கும்போது வெயின் நூல் மாதிரி சுருங்கிக்கும், அப்புறம் சிரிஞ்ச்ல தண்ணி விட்டு உப்ப வைக்கணும், அதுலயே உள்சுவர் அடிபடும். ஸ்வீடன்ல ஓரெப்ரோன்னு ஒரு ஊர்ல டாக்டர் சூசா கொழுப்போடயே சேத்து எடுக்க ஆரம்பிச்சார், நோ-டச்னு பேரு. 16 வருஷம் கழிச்சு பாத்தப்ப அப்படி வச்சதுல 83% திறந்து இருந்துச்சு, உரிச்சு வச்சதுல 64%. ஆனா கால்ல காயம் பெருசு, ஆற லேட்டாகும், பேஷண்ட் நம்மளைத்தான் திட்டுவாங்க. மொதல் தடவை அப்படி எடுத்த வெயினைப் பாத்தப்ப இது என்னடா கறிக்கடைலேர்ந்து வந்த மாதிரி இருக்குன்னு நெனச்சேன், உண்மையச் சொல்றேன்.

பனியன்காரன் சார், பிபிக்கு இது ஒண்ணுதான் காரணம்னு நெனச்சுக்காதீங்க. கிட்னி, உப்பு, தூக்கம், பரம்பரை எல்லாம் இருக்கு. கிட்னியைச் சுத்தி கொழுப்பு அதிகமா சேந்தா அது மேல அழுத்தும், உப்பை வெளிய தள்றது கெடும். அதனால உங்க நெருக்கற கணக்கு ரத்தக்குழாய்க்குப் பொருந்தாட்டியும் கிட்னிக்குக் கொஞ்சம் பொருந்தும்.

சேலத்து_சிங்கம்:
எங்கயோ படிச்சேன், பழுப்புக் கொழுப்புன்னு உடம்பைச் சூடாக்கற ஒரு வகைக் கொழுப்பு இருந்தா பிபி வராதாம், அதுக்கு ஐஸ் தண்ணில குளிக்கணுமாம். உண்மையா ப்ரோ?

எலிவால்:
பாதி உண்மை. நியூயார்க்ல கேன்சருக்காக எடுத்த பெட் ஸ்கேன்களை 52,000 பேருக்கு மேல அலசிப் பாத்து 2021ல போட்டாங்க, கழுத்தோரம் பழுப்புக் கொழுப்பு தெரிஞ்சவங்களுக்கு பிபி, சுகர் ரெண்டுமே கம்மியா இருந்துச்சு. அந்தக் குழுல இருந்த பால் கோஹன் ஆளுங்களே அப்புறம் எலில பிஆர்டிஎம்16னு ஒரு ஜீனைக் கொழுப்பு செல்லுல மட்டும் எடுத்துட்டாங்க, அது போனா பழுப்பு சாயல் கொழுப்பு வெள்ளைக் கொழுப்பா மாறிடும். அப்ப எலிக்கு பிபி ஏறிடுச்சு, குழாயைச் சுத்தி நார் கட்டிக்கிச்சு, ஆஞ்சியோடென்சினுக்கு ஓவரா ரியாக்ட் பண்ணுச்சு. அதாவது கொழுப்பு எவ்வளவுங்கறதோட அது எந்த ஜாதிங்கறதும் சேந்துதான் கணக்கு. ஆனா ஐஸ் தண்ணி தலைல விழுந்த உடனே குழாய் சுருங்கி பிபி எகிறும், 158 இருக்கற ஆளுக்கு இந்த யோசனை சொல்லாதீங்க சிங்கம்.

அண்ணா, நீங்க குண்டு இல்லன்னு சொன்னீங்கல்ல, புனேல டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் எடுத்த ஃபோட்டோ தேடிப் பாருங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சு அசலா 22.3, ஆனா வெள்ளைக்காரர் உடம்புல கொழுப்பு 9.1%, நம்மாளுக்கு 21.2%. அதனால தராசை விட்டுட்டு டேப்பைப் புடிங்க. நம்ம ஊரு ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, அதுக்கு மேல போனா உள்கொழுப்பு இருக்குன்னு வச்சுக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு அளக்கணும், எக்கிக்கிட்டு இல்ல.

தமயந்தி_ஓடி:
ஒரு கிலோ குறைஞ்சா சுமாரா 1 பாயின்ட் பிபி குறையும்னு கணக்கு சொல்வாங்க. நாலஞ்சு கிலோ போதும் சார், சிக்ஸ் பேக் வேணாம்.

பனியன்காரன்44:
கட்டிங் டேபிள்ல டேப்புக்கா பஞ்சம், மத்தியானமே அளந்துட்டேனுங்க. பேண்ட்டு 34 போடறேன், அதனால 34தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். பேண்ட்டு நிக்கறது தொப்பைக்குக் கீழங்கறது இப்பத்தான் உறைக்குது. நீங்க சொன்ன எடத்துல வச்சா 38 இன்ச், அதாவது 96 அரை. பக்கத்து டேபிள் பையன் "அண்ணா XL போட்றலாமா"ங்கறான். அடுத்த வாரம் பிபி பாக்கப் போறேன், பல்லும் இன்னும் வலிச்சிட்டேதான் இருக்குது, வந்து சொல்றேனுங்க.