அம்மாவோடு சிங்கப்பூர், பினாங்கு: எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

செம்பூர்_ஜன்னல்_சீட்

வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு மும்பை செம்பூரிலிருந்து கிளம்புகிறேன். சிங்கப்பூரில் நான்கு நாள், பினாங்கில் மூன்று நாள். அம்மாவுக்கு 69 வயது, இதுதான் முதல் பாஸ்போர்ட். இதுவரை அவர் போன தூரம் காசி. அங்கேயும் ஒரு வாரம் மடத்துச் சாப்பாடுதான்.

அம்மா சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். வெங்காயம், பூண்டுக்குத் தடை இல்லை. நான் எல்லாம் சாப்பிடுவேன். ஸ்டேஷன் வாசலில் ஆம்லெட் பாவ் வாங்கி, அங்கேயே நின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள். அம்மாவுக்கு இது தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருபது வருடமாக இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

இரண்டு வருடம் முன்னால் ஆபீஸ் கூட்டத்தோடு பாங்காக் போனேன். ஒரு ஹோட்டலில் 'வெஜ்' என்று அழுத்திச் சொல்லியும், கறித்துண்டை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே நூடுல்ஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். கூட வந்த குஜராத்திப் பெண் நான்கு நாளும் வாழைப்பழத்தில் ஓட்டினாள். அம்மாவுக்கு அந்த நிலைமை வரக் கூடாது. அதற்காக நானும் ஏழு நாள் இட்லியோடு முடித்துக்கொள்ளத் தயாராக இல்லை.

வீடியோக்களில் எல்லோரும் அதே பத்துக் கடையைத்தான் காட்டுகிறார்கள், ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அது வேண்டாம். நீங்களே உட்கார்ந்து சாப்பிட்ட இடமாகச் சொல்லுங்கள். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட முடிய வேண்டும். அப்புறம் காப்பி. காலையில் அது கிடைக்கவில்லை என்றால் அம்மாவுக்குத் தலைவலி வரும், அடுத்து எனக்கு வரும்.

தானே_மூன்றாம்_மாடி

அம்மாவுக்குத் தேப்லா (குஜராத்தி வெந்தயக்கீரைச் சப்பாத்தி), புளிக்காய்ச்சல், ஊறுகாய். உங்களுக்கு ஊரே இருக்கிறது. ரொம்ப யோசிக்காதீர்கள். குஜராத்திக்காரர்கள் உலகத்தைச் சுற்றி வருவதே தேப்லா டப்பாவை நம்பித்தான்.

தொண்ணூறடி_வெல்டர்

தங்கச்சி, மேலே தம்பி சொல்வதைக் கேட்டு ஏழு நாள் அம்மாவுக்கு டப்பாச் சோறு போட்டுவிடாதே.

நான் தாராவி, 90 அடி ரோடு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். 2008இலிருந்து 2015 வரை சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். அந்த ஏழு வருடத்தில் பெரிய கடைத்தெருவான ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனது இரண்டே தடவை. தேக்காவுக்குப் போனது, ஓவர்டைம் இல்லாத அத்தனை ஞாயிறும்.

எங்கள் தங்குமிடத்துக்குச் சாப்பாடு பொட்டலமாக வரும். விடியற்காலையிலேயே மத்தியானச் சோற்றையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊர் வெக்கையில் பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும். முட்டையை மட்டும் எடுத்துக் குழாயில் கழுவித் தின்ற நாளும் உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஆவி பறக்க முன்னால் வைத்த தட்டைப் பற்றி நான் சொல்வதில் கால்வாசியைக் கழித்துக்கொள்.

தேக்கா என்பது லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டின கட்டடம். கீழே ஒரு பக்கம் மீன், கறிச் சந்தை. இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். இதை உணவங்காடி என்று எழுதியிருப்பார்கள், தமிழிலேயே. மாடியில் சேலை, சுடிதார், தையல் கடைகள். அம்மாவைச் சந்தை வழியாக மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடாதே, வாடை ஆளைத் தூக்கும். பஃபலோ ரோட்டில் காய்கறியும் பூவும் வாழை இலையுமாகக் கடைகள் இருக்கும். அவற்றைக் காட்டிவிட்டு அந்தப் பக்கமாக உள்ளே போ.

நீ கேட்ட ஒரே மேசை இங்கேதான் கிடைக்கும். மேசை எந்தக் கடைக்கும் சொந்தம் இல்லை. அம்மாவை உட்கார வைத்துவிட்டு, தோசைக் கடையில் அவருக்கு ஒரு தட்டு, பிரியாணிக் கடையில் உனக்கு ஒரு தட்டு. நான் எப்போதும் அலாவுதீன் கடையில்தான் மட்டன் பிரியாணி வாங்குவேன். பக்கத்தில் வரிசை இல்லாத கடையில் வாங்கினாலும் நஷ்டம் இல்லை. புட்டு மாயம் என்று எழுதியிருந்தால் பயப்படாதே, நம் இடியாப்பம்தான். துருவின தேங்காயும் வெல்லச் சர்க்கரையும் வைத்துக் கொடுப்பார்கள். அம்மாவுக்குக் காலையில் அது போதும்.

இடம் பிடிக்க ஊரில் பஸ் ஜன்னலில் துண்டு போடுவோம் இல்லையா, அங்கே டிஷ்யூ பாக்கெட் போடுவார்கள். காலி மேசையில் ஒரு பாக்கெட் கிடந்தால் அது ஆள் உட்கார்ந்த மேசை. நகர்த்தாதே. சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021இலிருந்து கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி மாட்டினால் 300 வெள்ளி அபராதம் தீட்டலாம். வெள்ளி என்றால் டாலர், அங்கே நம் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பரோட்டாவை அங்கே பிராட்டா என்பார்கள். மாவை வீசி, மடித்து, கல்லில் போட்டு, வெந்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவார்கள், அடுக்கு பிரிந்து பூவாக விரியும். ஆனால் அதே கல்லில்தான் முட்டை பிராட்டாவும் ஓடும். கேட்காவிட்டால் மீன் குழம்போ கறிக் குழம்போ ஊற்றிவிடுவார்கள். அது உனக்கு.

அம்மாவுக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது இறால். கறியைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம், இறாலை முடியாது. பெலாச்சான் என்று இறாலை அரைத்துக் காயவைத்த ஒரு விழுது இருக்கிறது. அதை நம் ஊர்ப் பெருங்காயம் மாதிரி எல்லாவற்றிலும் போடுவார்கள். வள்ளைக்கீரையை 'காங்கோங்' என்று வதக்கித் தருவார்கள், பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும், உள்ளே பெலாச்சான். லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறுதான், மேலே வைக்கிற சம்பால் என்கிற மிளகாய் விழுதில் நெத்திலி. 'சைவமா?' என்று கேட்டால் தலையை ஆட்டிவிடுவார்கள். 'இறால் போட்டிருக்கிறதா?' என்று கேள்.

முதல் நாள் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947இலிருந்து இருக்கிறது. 1924இல் தொடங்கின ஆனந்த பவனுக்கும் அந்தப் பக்கம் கடை உண்டு. இரண்டும் சுத்த சைவம். மாட்டுங்காவின் தென்னிந்தியக் கடைகளில் சாப்பிடுகிற வாய்க்குப் பிரமாதம் என்று தோன்றாது. இறங்கின அன்று அம்மாவுக்குத் தெரிந்த ருசி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

குடிக்க: கோப்பி என்றால் கண்டென்ஸ்டு பால் ஊற்றி, சர்பத் மாதிரி இனிக்கும். கோப்பி ஓ, பால் இல்லை, சீனி உண்டு. கோப்பி சி, இனிக்காத டப்பாப் பால், சீனி உண்டு. எதன் பின்னாலும் 'கோசோங்' என்றால் சீனி போடமாட்டார்கள். அம்மாவுக்குத் 'தே ஹாலியா' சொல்லு, இஞ்சி டீ.

அப்புறம், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன் தலைக் கறி. அதைத் தனி ஆளாக வாங்காதே. எங்கள் அறையில் ஆறு பேர் காசு சேர்த்துப் போவோம். கண்ணுக்குப் பக்கத்துச் சதை யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவோம். ஏழு வருடத்தில் எனக்கு இரண்டு தடவை விழுந்தது.

கிங்ஸ்_சர்க்கிள்_பாட்டி

வெல்டர் தம்பி சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. சீனக்காரர்களிடமும் சைவம் உண்டு, நம்மைவிடக் கெடுபிடி. பௌத்த சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

பெண்ணின் பிரசவத்துக்கு இரண்டு தடவை போய் மும்மூன்று மாதம் இருந்தேன். மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்று ஒரு பழைய கட்டடம். உள்ளே சைவக் கடைகள் நிறைய. முதல் தடவை மாப்பிள்ளை அழைத்துப் போனார். தட்டில் ஒரு முழு மீன், செதிலோடு! எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்புறம் தெரிந்தது, சோயாவில் பண்ணி, கடல்பாசியைத் தோல் மாதிரி ஒட்டியிருக்கிறார்களாம். எதற்கு இந்த வேஷமோ! அதனால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ. டோஃபு, காளான், கீரை என்று பார்த்துக் காட்டினால் போதும். முட்டை உண்டா என்று மட்டும் கடைக்குக் கடை கேட்டுக்கொள்ளுங்கோ, சிலர் போடுவார்கள்.

அங்கேயிருந்து நடக்கிற தூரம் வாட்டர்லூ தெரு. குவான் இம் கோயிலும் நம் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில். குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வருகிற சீனப் பெண்கள் கிருஷ்ணன் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றி மூன்று தடவை குனிந்துவிட்டுப் போவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே போய்விட்டு வாருங்கோ, அம்மாவுக்கு அந்த இடத்தில் ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

காப்பிக்கு என்னிடம் ஒரே பதில்தான். சின்ன ஃபில்டர், கால் கிலோ பொடி, பெட்டியில். அவர்கள் கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் போட்டு வறுக்கிறவர்கள். குடிக்கலாம். ஆனால் அதைக் காப்பி என்று என்னால் சொல்ல முடியாது.

செம்பூர்_ஜன்னல்_சீட்

அண்ணா, பாட்டி, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. இறால் கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் மலாய், சீன மொழிகளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பினாங்கு பற்றி யாராவது?

நெருல்_நைட்_ஷிஃப்ட்

கம்பெனி வேலையாக மூன்று மாதம் பினாங்கில் பாயன் லெப்பாஸ் பக்கம் இருந்தேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நேராக நாசி கண்டார். இது உங்களுக்கு மட்டும், அம்மாவுக்கு இல்லை.

நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் போடுகிற காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துத் தொழிலாளிகளுக்குச் சுமந்து விற்றது. வெல்டர் அண்ணன் ஊர்ப்பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து போனவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. காம்பெல் தெருவில் ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. பினாங்கு ரோட்டில் லைன் கிளியர், இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு சந்தில். 'பஞ்சீர்' என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். நாலைந்து குழம்பையும் ஒரே சோற்றில் கலந்து ஊற்றுவார்கள். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஒன்றாகப் போனால் கெட்டுப்போகும் என்று நினைத்தேன், இல்லை.

ஒரு எச்சரிக்கை. எந்தக் கடை என்று சொல்லவில்லை, ஒரு இடத்தில் விலை கேட்காமல் கணவாய் முட்டையைக் காட்டிவிட்டேன். அன்றைக்கு என் பில் பக்கத்து ஆளுடையதைப் போல மூன்று மடங்கு. பெரிய மீன், இறால், கணவாய் என்றால் கேட்டுவிட்டுக் காட்டுங்கள்.

அம்மாவுக்குக் குவீன் தெரு. மாரியம்மன் கோயில் இருக்கிற தெரு, சுற்றிலும் லிட்டில் இந்தியா. வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். சாயங்காலம் பினாங்கு ரோட்டிலிருந்து பிரிகிற கெங் குவீ சந்தில் செண்டோல். துருவின ஐஸ், தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரிப் பனை வெல்லம், சிவப்பு பீன்ஸ், பச்சையாகப் புழு மாதிரி அரிசி மாவு. புழு என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஃபலூடாவுக்குத் தங்கை என்று சொல்லுங்கள். பசெம்பூர் என்று ஒன்று தருவார்கள், இறால் வடை கலந்தது, அது வேண்டாம். செம்பூர் என்று காதில் விழுந்ததும் ஆசைப்பட்டுவிடப் போகிறார்.

'பசியாறியாச்சா?' என்று அங்கே யாராவது கேட்டால் டிபன் ஆச்சா என்று கேட்கிறார்கள்.

செம்பூர்_ஜன்னல்_சீட்

போய்விட்டு வந்தாச்சு. எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

தேக்காவில் அண்ணன் சொன்னபடி அம்மாவை டிஷ்யூ பாக்கெட்டோடு உட்கார வைத்துவிட்டு, முதலில் அவருக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். பிறகு பிரியாணி வரிசையில் நின்றேன். வாங்கினதும் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. தட்டோடு இரண்டு மேசை தள்ளி உட்காரப் போனேன். அம்மா கையைத் தூக்கி, ஊருக்கே கேட்கிற குரலில், "அங்கே எதுக்குப் போறே? ஆறிடும், இங்கே வந்து சாப்பிடு" என்றார். உட்கார்ந்தேன். என் தட்டைப் பார்க்காமல் தோசையைப் பார்த்துக்கொண்டே, "ஸ்டேஷன் ஆம்லெட்டைவிட இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது, கொஞ்ச நேரம் கழித்து.

பாட்டி, ஃபார்ச்சூன் சென்டர் மீனை அம்மா நிதானமாகத் திருப்பிப் பார்த்து, "தோல் நல்லா பண்ணியிருக்கான்" என்றார். அதைச் சாப்பிடவில்லை, காளானும் டோஃபுவும் இரண்டு தடவை வாங்கினோம். ஃபில்டரை எடுத்துப் போனேன், பால் தேடி அலுத்துப்போய் இரண்டாம் நாளே கைவிட்டோம். அம்மாவுக்குத் தே ஹாலியா பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் அவரே போய் "தே ஹாலியா கோசோங்" என்று வாங்கி வந்தார். கடைக்காரர் தமிழில் பதில் சொன்னதில் கொஞ்சம் ஏமாற்றம்.

இறால் சீட்டு இரண்டு இடத்தில் காப்பாற்றியது, இரண்டும் கீரை. பினாங்கில் செண்டோல் தினமும், கடைசி நாள் இரண்டு கிண்ணம். நாசி கண்டாருக்கு நான் மட்டும் தனியாகப் போனேன், விலை கேட்டுவிட்டுத்தான் காட்டினேன். மீன் தலை இந்தத் தடவை இல்லை. ஆறு பேர் கிடைக்கவில்லை.

நேற்று ஹார்பர் லைன் ரயிலில் ஏறினபோது அம்மா கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துக் காலி சீட்டில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். குர்லாவில் ஏறின ஒரு அம்மா அதை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்துவிட்டார்.