கொசஸ்தலை ஆற்றில் சாம்பிள் எடுக்கப் போய்ச் சொதப்பியவர்கள் இங்கே வாருங்கள்

மணலிக்காரன்:

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது என் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் ரிப்போர்ட்டும், அதற்கு அடியில் களக் குறிப்பேடும் கிடைத்தன. ரிப்போர்ட் பளபளவென்று இருக்கிறது. குறிப்பேடு முழுக்கச் சேற்றுக் கறை. எது உண்மையான ஆவணம் என்று சொல்லத் தேவையில்லை.

2018 ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒரு நாள், சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் எடுத்தேன். ஐந்து இடங்கள். முகத்துவாரம், ரயில் பாலத்தடி, காட்டுக்குப்பம், சடையங்குப்பம் பக்கம் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் மணலி புதுநகர் பக்கமாக ஆற்றில் இன்னும் மேலே ஓரிடம். ஒவ்வொன்றிலும் வெப்பம், உப்பு, பி.ஹெச். (அமில-கார அளவு), கரைந்திருக்கும் ஆக்சிஜன் பார்க்க வேண்டும். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் தன் பைபர் படகில் கூட்டிப் போவார். டீசலுக்கும் டீக்கும் மட்டும்தான் காசு வாங்குவார்.

முதல் சொதப்பல் ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பற்றித் தெரியாததால் வந்தது. முதல் வாரம் காலை பத்து மணிக்குப் போனோம், தண்ணீர் நிறைய இருந்தது, படகு வழுக்கிக்கொண்டு போனது. சரி, பத்து மணி நல்ல நேரம் என்று அடுத்த வாரமும் பத்து மணிக்கே வருவதாகச் சொன்னேன். அண்ணன், "சீக்கிரம் வா தம்பி, தண்ணி வத்திடும்" என்றார். பஸ் கிடைக்காது, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை என்று ஏதோ சாக்குச் சொல்லிப் பத்துக்கே போய் நின்றேன். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளைக்குக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது போன வாரம் எந்த நேரத்தில் தண்ணீர் உச்சத்தில் இருந்ததோ, இந்த வாரம் அதே நேரத்தில் அடிமட்டத்தில் இருக்கும். இந்தக் கணக்கை நான் போட்டது படகு தரை தட்டிய பிறகு.

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, சிமென்ட் பூசிய தரை மாதிரி. அதில் இறங்கித் தள்ளினால் படகு நகர்ந்துவிடும் என்று நினைத்து இறங்கினேன். அண்ணன் "ஏய், அது சாம்பல்" என்று கத்தி முடிப்பதற்குள் வலது கால் முட்டி வரை போய்விட்டது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடை வரை போனது. சேற்றில் சிக்கினால் ஒரு பிசுபிசுப்பு இருக்கும், காலைத் திருகி எடுத்துவிடலாம். இது அப்படியில்லை, அனல் மின் நிலையத்துச் சாம்பல், பால்பவுடரைக் குழைத்த மாதிரி. அசைந்தால் இளகும், சும்மா நின்றால் இறுகும். பயத்தில் குதிக்கப் பார்த்தேன்.

"குதிக்காத! படுத்துக்கோ. சட்டைய மறந்துடு, அப்படியே குப்புறப் படு."

படுத்தேன். படகின் குறுக்குப் பலகை ஒன்றைக் கழற்றி என் பக்கம் தள்ளினார். அதைப் பிடித்து உடும்பு மாதிரி நெளிந்து நெளிந்து வந்து சேர்ந்தேன். ஒரு ஜோடி செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் ஏறும் வரை நாலு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அவர் வலை தைத்தார். நான் காதுக்குள் போன சாம்பலைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டாவது சொதப்பல்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது.

கரைந்த ஆக்சிஜனை விங்க்லர் முறையில் பார்ப்போம். 1888-இல் ஹங்கேரிக்காரர் ஒருவர் கண்டுபிடித்த முறை, இன்றும் அதுதான் அளவுகோல். 300 மி.லி. கண்ணாடி பாட்டிலில் குமிழ் இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் ரெண்டு ரெண்டு மி.லி. விட்டு மூடிக் கவிழ்க்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பாட்டிலுக்குள் டிகாஷன் ஊற்றியது போலப் பழுப்பு மேகம் சுருண்டு இறங்கும். அன்றைக்கு முகத்துவாரத்தில் அழகாக இறங்கியது. பாலத்தடியிலும் பழுப்புதான். கால்வாய்க்குப் போனோம். மருந்து விட்டேன், மூடினேன், கவிழ்த்தேன். மோர் மாதிரி வெள்ளையாக வந்தது.

இன்னொரு பாட்டில் பிடித்தேன். அதுவும் வெள்ளை. மூன்றாவதும். கோபம் வந்து மூன்றையும் கழிவு கேனில் கொட்டிவிட்டு, குறிப்பேட்டில் "ரியேஜென்ட் பழுது, அளவு இல்லை" என்று எழுதினேன். அந்தக் கையெழுத்தை இப்போது பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது, அவ்வளவு உறுதி. அரை மணி நேரம் முன்னால் அதே மருந்துதான் பழுப்பு காட்டியது என்பதுகூட மண்டையில் உறைக்கவில்லை. அடுத்த வாரம் லேபில் புதிதாகக் கலந்து எடுத்துப் போனேன். மறுபடி மோர். மறுபடி "பழுது".

மூன்றாவது வாரம் அண்ணன் கேட்டார். "இன்னா தம்பி, இங்க வந்தா மட்டும் மூஞ்சி மாறுது?"

சொன்னேன். அவர் கால்வாயைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னாத்தத் தேடுற? மீனே வாய மேல தூக்கிக்கினு செத்துப் போவுது" என்றார்.

சாயங்காலம் என் புராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம், அதாவது கைடிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் பேசாமல் செய்முறைப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். வீழ்படிவு, அதாவது பாட்டிலுக்குள் இறங்கும் அந்த மேகம், வெள்ளையாக இருந்தால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். அந்த வரி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது. பழுப்பு வரும் வரியைத் தாண்டி நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும். அங்கே பூஜ்யம். ரெண்டு வாரப் பூஜ்யத்தை நானே கொட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மற்றவை சில்லறை. ஐஸ் பெட்டிக்குள் மார்க்கர் எழுத்து அழிந்து பன்னிரண்டு பாட்டில் அநாதை ஆனது. அதற்கப்புறம் பென்சில்தான், பென்சில் அழியாது. கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் அதே பெட்டியோடு ஏறினால் தவறாமல் ஒருவர் கேட்பார், "வஞ்சிரமா தம்பி? கிலோ எவ்ளோ?" ஒருமுறை ஓர் அம்மா நம்பாமல் மூடியைத் திறந்தே பார்த்துவிட்டார். "ஐயே, சாக்கடைத் தண்ணிய ஐஸ்ல வெச்சி எடுத்துக்கினு போறியா?" என்றார். கத்திவாக்கத்திலிருந்து திருவொற்றியூர் வரை விளக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

சேற்றுப்புழு:

மணலிக்காரரே, நீங்கள் தண்ணீர், நான் அடிமண். 2022-இல் ஆற்றுத் தரையில் வாழும் புழு பூச்சிகளைக் கணக்கெடுக்கப் போனேன். கிராப் என்று ஒரு இரும்புக் கருவி, வாயைப் பிளந்தபடி கயிற்றில் இறங்கும், தரை தட்டியதும் கவ்விக்கொண்டு ஒரு பிடி மண்ணோடு மேலே வரும். வர வேண்டும். எனக்கு ஏழு தடவை வெறும் வாயோடு வந்தது. தாடைக்கு நடுவில் சின்னச் சின்னக் கறுப்புச் சிப்பி சிக்கி மூடவிடாமல் செய்கிறது, மண்ணெல்லாம் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. ஒன்பது கிலோ இரும்பை ஏழு தடவை கையால் இழுத்துப் பாருங்கள், சிப்பிக்குச் சாபம் விடத் தோன்றும். அதனால் ஒவ்வொரு தடவையும் பிடுங்கிப் பிடுங்கி ஆற்றில் வீசினேன்.

அங்கே கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அக்கா, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சொன்னார்: "அது காக்கா ஆழிமா. கீழ பாய் விரிச்ச மாதிரி கெடக்குது. இறாலு ஒதுங்க சேறே இல்ல." உள்ளங்கையைக் காட்டினார். குறுக்கும் நெடுக்கும் கீறல்.

லேபுக்கு வந்து சொன்னதும் கைடு எழுந்தே நின்றுவிட்டார். அமெரிக்கக் கண்டத்துக் கடற்கரைச் சிப்பி அது, இங்கே பிறந்ததில்லை, கப்பலோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். "மாதிரி எங்கே?" என்றார். எங்கே இருக்கும், நான்தான் ஒன்று விடாமல் வீசிவிட்டேனே. கடைசியில் கிராபைக் கழுவும்போது கீலில் நசுங்கி ஒன்று மாட்டியிருந்தது. பாதி ஓடுதான். அதை வைத்தே ஒப்பேற்றி, மறுநாள் ஓடிப் போய் ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். அந்த அக்கா சிரித்தார், "நேத்து வேணாம்ன, இன்னிக்கி வேணுமா?"

பிளாஸ்டிக் பாட்டில்:

பெயரிலேயே என் கதை இருக்கிறது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் கழிமுகம் முழுக்க எண்ணெய். டிவியில் பார்த்துவிட்டு நானும் இன்னொருவனும் பைக்கில் கிளம்பினோம். அவசரத்தில் கடையில் பத்து தண்ணீர் பாட்டில் வாங்கி, தண்ணீரைக் குடித்தும் கொட்டியும் காலி செய்துகொண்டு போய், எண்ணெய்த் தண்ணீரை நிரப்பி வந்தோம். பெரிய சாதனை செய்த நினைப்பு. லேபில் பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் வருகிறது, எண்ணெய் பாட்டிலின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில் வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். பத்தும் வீண். மறுபடி போனபோது கரையில் கூழைக்கடா ஒன்று, நெஞ்சு முழுக்கக் கறுத்து, இறக்கையை விரிக்கவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றது. அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

காட்டுக்குப்பத்தான்:

எல்லாரும் ஜாலியா எழுதறீங்க, நானும் கரையிலிருந்து ஒண்ணு சொல்றேன். எங்கப்பா படகுல உங்கள மாதிரி எத்தனையோ பேரை ஏத்திப் போயிருக்கார். ஜி.பி.எஸ். மிஷின தண்ணில போட்டவங்க, அலைக்கு வாந்தி எடுத்தவங்க, ஆசிட்ட சட்டைல ஊத்திக்கிட்டவங்க எல்லாம் உண்டு. அந்த ஜி.பி.எஸ்.ஸ நான்தான் மூணு முங்கு முங்கி எடுத்துக் குடுத்தேன். ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு அரிசில போட்டு வெச்சாங்க.

மணலிக்காரன் மாட்டின அந்தத் திட்டு முன்ன கிடையாது. அப்பா சின்னப் பையனா இருந்தப்போ அங்க ஆள் முங்கற ஆழமாம். இப்ப தண்ணி வத்துனா படகே போவாது.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. வர்றவங்க எல்லாம் பாட்டில்ல தண்ணி எடுத்துக்கினு போறாங்க. அதுல இன்னா இருந்துச்சுன்னு திரும்பி வந்து சொன்னவங்க யாராவது இருக்கீங்களா?

மணலிக்காரன்:

இல்லை. ஏப்ரலில் கடைசி நாள் அண்ணன் இதையே கேட்டார். "ரிசல்ட் வந்தா சொல்லு தம்பி, இறால் ஏன் வரலன்னு பார்ப்போம்." புத்தகமாகவே கொண்டு வந்து தருகிறேன் என்றேன். அதுதான் பரணில் இருந்த ஸ்பைரல் பைண்டிங். அதுவும் ஆங்கிலத்தில். அஞ்சு இடத்துக்கான ஆக்சிஜன், உப்பு அளவை மட்டும் நேற்று ராத்திரி ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், அந்த ரெண்டு வாரப் பூஜ்யத்தையும் சேர்த்து. உங்கள் அப்பா எந்தப் படகு? வெள்ளை பைபர், மூக்கில் பச்சைப் பட்டையா?

காட்டுக்குப்பத்தான்:

பச்சைப் பட்டையேதான். செருப்ப விட்டுட்டுப் போன தம்பியான்னு கேக்கறார்.

மணலிக்காரன்:

அதே தம்பிதான். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? பத்து மணிக்கு?

காட்டுக்குப்பத்தான்:

ஆறரைக்குள்ள வாங்க. பத்து மணிக்கு வந்தா மறுபடி படுக்கணும்.